16 புள்ளிகளும் 16 மார்க்கும்: இடைக்காலப் போர் விளையாட்டுகளிற் படைக்கலத் தெரிவு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கணினித் திரையில் விளையாடப்படும் போர் விளையாட்டுகளைத் தமிழிலக்கிய ஆய்வேடொன்றில் ஆராய்வது பொருந்துமா என்ற வினா எழுதல் இயல்பே. நாட்டார் கூத்து, சனரஞ்சக நாவல், திரைப்படம் ஆகிய ஒவ்வொன்றும் முதலில் ஆய்வுக்கு உகந்ததன்று என ஒதுக்கப்பட்டுப் பின்னரே ஆய்வுலகில் இடம்பெற்றன என்பதை இங்கு நினைவுகூரலாம். ஒரு கலைவடிவத்தின் உயர்வு தாழ்வு பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, பெருந்தொகையானோர் தமது ஓய்வு நேரத்தை எதனிற் கழிக்கின்றனரோ அது அவர்தம் உலக நோக்கை உருவாக்குவதிற் பங்குகொள்கின்றது என்பது மறுக்கவியலாதது. ஐரோப்பிய இடைக்காலத்தை இவ்விளையாட்டுகளின் வாயிலாகவே முதன்முதல் அறிந்துகொண்ட மாணவர் எமது வகுப்பறைகளிலும் உளர்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா மிகச் சிறியது. களம் புகுமுன் விளையாடுபவர் தமக்குரிய ஆயுதத்தையும் கவசத்தையும் தெரிவு செய்கின்றார். அத்தெரிவு எவ்விதிகளுக்கு உட்பட்டது? அதே ஆயுதங்கள் மெய்யாக வழங்கிய காலத்தில் அவற்றைத் தாங்குதல் எவ்விதிகளுக்கு உட்பட்டிருந்தது? இவ்விரு விதித்தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது, இறந்தகாலத்தைச் சித்திரிப்பதாகக் கூறும் ஒரு படைப்பு எவ்வாறு நிகழ்காலத்தின் கருத்துநிலையைச் சுமந்துவருகின்றது என்பது புலப்படும். சான்றாக இரு விளையாட்டுகள் கொள்ளப்படுகின்றன. ஒன்று ட்ரைடெர்னியன் என்னும் சிறு குழுவினர் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மோர்ட்ஹௌ’. மற்றையது பிராக் நகரைச் சேர்ந்த வார்ஹோர்ஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’.

2

மோர்ட்ஹௌ பலர் இணையவழி ஒன்றுகூடி, பெரும்பாலும் இரு அணிகளாகப் பிரிந்து பொருதும் விளையாட்டாகும். இங்கு ஒவ்வொருவருக்கும் 16 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. தலை, உடல், கால் ஆகிய மூன்று உறுப்புகளுக்கும் கவசமின்றியோ, இலேசானது, நடுத்தரமானது, கனமானது என்னும் மூன்று தரங்களுள் ஒன்றை அணிந்தோ செல்லலாம். தரம் உயர உயரப் புள்ளிகள் செலவாகும். நெடுவாள், கோடரி, ஈட்டி, தண்டாயுதம், வில் முதலிய ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனித்தனி விலை உண்டு. சிறப்புத் திறன்களையும் இப்புள்ளிகளைக் கொண்டே பெறவேண்டும். எனவே தலைமுதற் கால்வரை கனத்த இரும்பை அணிந்தவருக்கு ஆயுதத்துக்கென எஞ்சுவது குறைவு. அவர் நகரும் வேகமும் குறையும். கவசத்தை முற்றாகத் துறந்தவர் விரைந்து ஓடலாம். விலையுயர்ந்த ஆயுதத்தை ஏந்தலாம். ஆனால் ஓரிரு அடிகளில் வீழ்ந்துபடுவார்.

இக்கணக்கினுள் உலோகவியலும் உடலியலும் சார்ந்த உண்மைகள் பல அடங்கியுள்ளன என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். இடைக்காலக் கவசம் மூன்று அடுக்குகளின் தருக்கத்தைக் கொண்டது. உட்புறம் துணியடுக்குகளாலும் பஞ்சு, கம்பளித் திணிப்பாலும் ஆன மெத்தைச் சட்டை அடியின் அதிர்வைத் தாங்கிற்று. அதன்மேல் அணியப்பட்ட இரும்பு வளையச் சட்டை வாளின் வெட்டைத் தடுத்தது. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினைந்தாம் நூற்றாண்டிலும் முழுமை பெற்ற தகட்டுக் கவசம், வெட்டையும் குத்தையும் வழுக்கி விலகச் செய்தது. முழுத் தகட்டுக் கவசத்தின் நிறை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் வரையில் அமைந்தது. அப்பாரம் உடல் முழுவதும் பரவியிருந்தமையால், பயிற்சி பெற்றவன் அதனை அணிந்து ஓடவும் குதிரையேறவும் முடிந்தது.

கவசம் வளர்ந்தபோது ஆயுதமும் மாறிற்று. தகட்டை வெட்டமுடியாத வாள், இடைவெளிகளிற் குத்துவதற்கேற்பக் கூர்முனை பெற்றது. தகட்டின் ஊடாகவே எலும்பை நொறுக்கவல்ல போர்ச் சுத்தியலும் தண்டாயுதமும் முதன்மை பெற்றன. வாளைத் தலைகீழாக மாற்றி அலகைக் கைகளாற் பற்றி, பிடியாலும் குறுக்குத் தண்டாலும் எதிரியின் தலைக்கவசத்தில் அறையும் முறையும் வழங்கிற்று. பதினைந்தாம் நூற்றாண்டு ஜேர்மானிய வாட்போர் ஆசான் ஹான்ஸ் தால்ஹோஃபரின் படச்சுவடிகளில் இதனைக் காணலாம். ‘கொலை அடி’ எனப் பொருள்படும் அம்முறையின் பெயரே விளையாட்டின் பெயராகவும் அமைந்தது. விளையாட்டிலும் நெடுவாளை அவ்வாறு திருப்பிப் பிடிக்கலாம். கனத்த கவசத்தின்மீது மொட்டை ஆயுதங்களே கூடிய பயன் தருகின்றன. தொழில்நுட்ப நிலையில் இவ்விளையாட்டு வரலாற்றை மதிக்கின்றது எனலாம். எமது ஐயம் அத்தொழில்நுட்பம் பற்றியதன்று. அதனைச் சூழ்ந்திருந்த சமூகம் எங்கே சென்றது என்பதே எமது வினா.

3

இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி 1181ஆம் ஆண்டில் ஆயுதங்கள் பற்றிய கட்டளையொன்றைப் பிறப்பித்தான். எவன் எதனை ஏந்தவேண்டும் என்பதை அக்கட்டளை செல்வத்தின் அளவுகொண்டு வகுத்தது. வீரமானிய நிலமுடையவன் வளையக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி ஆகியவற்றை வைத்திருத்தல் வேண்டும். 16 மார்க் பெறுமதியான அசையும் பொருளோ வருமானமோ உடைய சுதந்திரக் குடிமகனுக்கும் இதே விதி. 10 மார்க் உடையவனுக்குக் குறுகிய வளையச் சட்டையும் இரும்புத் தொப்பியும் ஈட்டியும் விதிக்கப்பட்டன. அதற்குக் கீழ்ப்பட்ட நகரத்தாரும் ஏனைய சுதந்திரக் குடிகளும் மெத்தைச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி ஆகியவற்றுடன் அமைந்தனர். இவற்றை விற்றலும் அடகு வைத்தலும் தடுக்கப்பட்டன. இறந்தவனின் ஆயுதம் அவனது வாரிசுக்கே உரியது. சுதந்திரமற்ற பண்ணையடிமைகளுக்கு ஆயுதப் பிரமாணத்தில் இடமில்லை. யூதர் வளையக் கவசம் எதனையும் வைத்திருத்தல் ஆகாது என்றும் கட்டளை விதித்தது.

16 புள்ளிகளும் 16 மார்க்கும் எண்ணளவில் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் அத்தற்செயல் எமக்கொரு வசதியான ஒப்பீட்டை அளிக்கின்றது. மார்க் என்பது நாணயமன்று. பவுணின் மூன்றிலிரு பங்கைக் குறிக்கும் கணக்கலகு. ஒரு மார்க் 160 பென்னிகளாகும். ஆகவே 16 மார்க் 2,560 பென்னிகள். அக்காலக் காலாட் படைவீரனின் நாட்கூலி ஒரு பென்னி அளவினதாகும். அவன் ஒருநாளும் ஓயாது, ஒரு பென்னியும் செலவிடாது உழைத்தாலும் அத்தொகையை ஈட்டுவதற்கு ஏழாண்டுகள் செல்லும். விளையாட்டில் ஒரு கணத்தில் யாவர்க்கும் வந்துசேரும் 16, வரலாற்றில் ஒரு வர்க்க எல்லையாக நின்றது.

ஒரு நூற்றாண்டின் பின், 1285இல், முதலாம் எட்வர்ட் பிறப்பித்த வின்செஸ்டர் சட்டம் 15 முதல் 60 வயது வரையான ஆண்கள் யாவரையும் இவ்வொழுங்கினுட் கொணர்ந்தது. 15 பவுண் வருமானந் தரும் நிலமுடையவனுக்கு வளையக் கவசம், தலைக்கவசம், வாள், கத்தி, குதிரை. 40 சிலிங்குக்குக் குறைந்த நிலமுடையவனுக்கு நீள்காம்பு வெட்டாயுதமும் கத்தியும் எனப் படிநிலை இறங்கிச் செல்கின்றது. அரசு படையைத் திரட்டும் வழியாகவும், குடிகளை அவரவர் இடத்தில் நிறுத்தும் வழியாகவும் இச்சட்டங்கள் ஒருங்கே இயங்கின. ஒருவன் தெருவில் வரும்போது அவனது உடலின் மேலிருந்த இரும்பின் அளவே அவனது நிலவுடைமையின் அளவைக் கண்ணுக்குக் காட்டிற்று.

நிலமானிய அமைப்பில் ஆயுதம் தெரிவு செய்யப்படும் ஒரு பண்டமாக இருக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும். அது உற்பத்தி உறவொன்றின் புறவடிவமாக இருந்தது. வீரனின் கவசத்துக்கும் குதிரைக்கும் வேண்டிய செல்வத்தை அவனது நிலத்திற் பாடுபட்ட உழவரே உபரியாக ஈந்தனர். அக்கவசமோ அவ்வுபரியைத் தொடர்ந்து பெறுவதற்கான வன்முறையின் உத்தரவாதமாயிற்று. உழவன் தன்னைக் கட்டுப்படுத்திய இரும்புக்குத் தானே விலை கொடுத்தான்.

4

மோர்ட்ஹௌ இவ்வுறவை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் எதனை வைக்கின்றது என்பதே கவனத்துக்குரியது. அங்கு ஒவ்வொருவரும் சமமான கொள்வனவுச் சக்தியுடன் ஆயுதச் சந்தையொன்றின் வாயிலில் நிற்கின்றனர். கட்டாயப்படுத்துவார் எவருமிலர். எது கிடைத்தாலும் அது தமது தெரிவின் விளைவே. தோற்றால் தமது கணக்கும் தமது கையுமே குறைபாடுடையன. மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதற் பாகத்தில், உழைப்புச் சக்தி விற்கப்படும் பரிவர்த்தனைக் களத்தைச் சுதந்திரமும் சமத்துவமும் குடிகொண்ட இடம்போலத் தோன்றுவதாகக் காட்டி, அங்கிருந்து உற்பத்தியின் மறைவிடத்துக்கு வாசகரை அழைத்துச் செல்கின்றார். இவ்விளையாட்டோ எம்மை அம்முதற் களத்திலேயே நிறுத்திவிடுகின்றது. போர்க்களம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கோ பதினைந்தாம் நூற்றாண்டுக்கோ உரியதாயினும், அதன் வாயில் முதலாளித்துவச் சந்தையின் வாயிலாகும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். சதுரங்கத்தில் இரு பக்கத்தாருக்கும் காய்கள் சமமாக இருப்பதைக் கொண்டு அதனை முதலாளித்துவக் கருத்துநிலை எனக் கூறுவோமா? போட்டியென ஒன்று நிகழவேண்டின் தொடக்கச் சமத்துவம் தேவையன்றோ? இம்மறுப்பு நியாயமானது. விளையாட்டின் சமத்துவத்தைச் சூழ்ச்சியெனக் கொள்ளுதல் கொச்சை மார்க்சியமாகும். ஆயினும் சதுரங்கக் காய்கள் எவராலும் விலைக்கு வாங்கப்படுவன அல்ல. இங்கோ சமத்துவம், செலவிடும் உரிமையின் சமத்துவமாக உருப்பெறுகின்றது. அப்புள்ளிகள் எவ்வுழைப்பிலிருந்தும் தோன்றியனவல்ல, எவரிடமிருந்தும் பெறப்பட்டனவல்ல. சமமானவர்களின் போட்டியைக் கற்பனை செய்யும்போது, வாங்குவோரின் சமத்துவத்தையன்றி வேறொரு சமத்துவத்தை எம்மால் எளிதிற் கற்பனை செய்ய முடிவதில்லை என்பதே இங்கு வெளிப்படும் வரலாற்று உண்மை.

இதே விளையாட்டில் உழவன் என்பதும் தெரிவுகளுள் ஒன்று. அதனை ஏற்பவர், பொரிக்கும் தாச்சி போன்ற வீட்டுப் பொருள்களை ஏந்திப் போரிடலாம். தேர்ந்த ஆட்டக்காரர் தமது திறனைக் காட்டவும் சகபாடிகளை நகைக்க வைக்கவும் இக்கோலத்தைப் பூணுகின்றனர். 1181இல் எவனுக்குப் பிரமாணத்திலேயே இடமில்லாதிருந்ததோ, அவனது வறுமை இன்று வேடமாகின்றது. அடுத்த ஆட்டத்தில் அதனைக் களைந்துவிடலாம். களைய முடியாதிருந்தமையே அவ்வறுமையின் சாரம் என்பது நகைப்பில் மறைந்துபோகின்றது.

5

கிங்டம் கம் இக்குறைபாட்டிலிருந்து பெரிதும் விடுபட்டது. 1403ஆம் ஆண்டின் பொகீமியாவே அதன் களம். மன்னன் சிகிஸ்மண்டின் படை ஸ்காலிட்ஸ் என்னும் சுரங்க ஊரை அழிக்கின்றது. பெற்றோரை இழந்து தப்பியோடும் கொல்லன் மகன் ஹென்றியே கதைத்தலைவன். அவனுக்கு எவரும் சமமான புள்ளிகளை வழங்குவதில்லை. வறியவனாகத் தொடங்கும் அவனுக்கு வாளைச் சரிவரப் பிடிக்கவும் தெரியாது. மெத்தைத் துணி, வளையச் சட்டை, தகடு என அடுக்கடுக்காகவே அவன் கவசம் அணியவேண்டும். வெட்டு, குத்து, மொத்து ஆகிய மூன்றையும் தாங்கும் ஆற்றல் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். இரும்பு ஒலியெழுப்புதலால் மறைந்து செல்லமுடியாது. உடையின் தரத்தையும் அதிலுள்ள அழுக்கையும் இரத்தக் கறையையும் பொறுத்தே பிறர் அவனை மதிக்கின்றனர். ஆடையும் ஆயுதமும் சமூக நிலையின் மொழி என்பதை இவ்விளையாட்டு உணர்ந்துள்ளது. இது பாராட்டத்தக்க யதார்த்தமாகும்.

ஆனால் அவன் எவ்வாறு கவசம் பெறுகின்றான்? கொல்லப்பட்டோரின் உடல்களிலிருந்து கழற்றி அணிவதும், எஞ்சியதைக் கடைகளில் விற்பதுமே விளையாடுவோர் பெரும்பாலும் கைக்கொள்ளும் வழி. சிலகாலத்தில் அக்கொல்லன் மகன் பிரபுக்கள் அணிவது போன்ற தகட்டுக் கவசத்துடன் உலாவருகின்றான். பிணத்திலிருந்து பெறும் செல்வம் முயற்சியின் பரிசாக மாற்றப்படுகின்றது. மூலதனத்தின் ஆதித் திரட்டல் பற்றிச் சொல்லப்படும் நீதிக்கதைகளின் சாயலை இங்கு காணலாம்: உழைத்தவன் உயர்ந்தான் என்பது கதை, பறித்தவன் உயர்ந்தான் என்பது செயல்.

இதனினும் நுண்மையானது உழைப்பின் மறைவு. கதையின் மையப்பொருள் ஒரு வாள். ஹென்றியின் தந்தையான கொல்லன், ராட்சிக் என்னும் பிரபுவுக்காக அதனைச் சமைக்கின்றான்; அது களவுபோகின்றது; அதனை மீட்பது மகனின் நோக்கமாகின்றது. இருந்தும் முதல் விளையாட்டில் அக்கொல்லன் மகனால் ஒரு வாளையேனும் உருவாக்க முடியாது. சாணைச் சக்கரத்தில் தீட்டமட்டுமே முடியும். 2025இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலேதான் பட்டடையும் சம்மட்டியும் அவன் கைக்கு வருகின்றன. அது வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும், சுரங்கத்தில் தாது வெட்டியவர், காட்டில் மரம் எரித்துக் கரியாக்கியவர், இரும்பை உருக்கியவர், கம்பியிழுத்துப் பல்லாயிரம் வளையங்களை ஒவ்வொன்றாக ஆணியிட்டுக் கோத்தவர் ஆகியோரின் கூட்டுழைப்பே ஒரு வளையச் சட்டை என்பதை எந்த விளையாட்டின் ஆயுதப் பட்டியலும் எமக்கு உணர்த்துவதில்லை. பட்டியலிற் பொருளுக்கு நிறையும் வலிமையும் விலையும் உண்டு. அதனைச் செய்தவர் இலர். பண்டம் பற்றிய மயக்கத்துக்கு இதனினும் தெளிவான உருவம் காண்டல் அரிது.

ஈற்றில், ஹென்றி அப்பிரபுவுக்கே முறைதவறிப் பிறந்த மகன் என்னும் செய்தி வெளியாகின்றது. கொல்லன் மகன் வாளேந்தும் உரிமை பெற்றமைக்குக் குருதியே விளக்கமாகின்றது. எளிய குடியில் வளர்ந்தவன் உயர்குலத்தோன் என அறியவரும் இக்கதைமுடிவு ஐரோப்பிய வீரக்காதற் கதைகளுக்கும் எமது பழங்கதைகளுக்கும் பொதுவானது. வர்க்க முரண்பாடு எழுப்பிய வினாவுக்குப் பிறப்பு விடை கூறுகின்றது. படைத்தோர் இதனை நோக்கமாகக் கொண்டனரா என்பது முக்கியமன்று. வடிவமே அவர்களுக்காகச் சிந்தித்துவிட்டது.

6

இவ்விரு விளையாட்டுகளிலும் தெரிவு செய்பவர் தனியொருவரே. சந்தையிற் செலவிடும் தனியனை ஒன்றும், தேடித் திரட்டும் தனியனை மற்றொன்றும் காட்டுகின்றன. ஆனால் இடைக்கால வரலாற்றிற் கீழ்நிலை மக்கள் மெய்யாகவே ஆயுதத்தைத் தெரிவு செய்த தருணங்கள் உண்டு. அத்தெரிவுகள் கூட்டாகச் செய்யப்பட்டவை.

1302ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள் கோர்ட்ரைக் நகரருகே பிரெஞ்சு வீரர் படையைப் பிளெமிஷ் நகரங்களின் காலாட் படை முறியடித்தது. நெசவாளர் முதலிய கைவினைக் குழுவினர் அப்படையின் பெரும்பகுதியினர். அவருட் பலர் ஏந்தியது, தடித்த மரத்தண்டின் நுனியில் இரும்புக் கூர் பதித்த மலிவான ஓர் ஆயுதம். தனியொருவன் கையில் அது குதிரைவீரனுக்கு ஈடாகாது. சதுப்பும் ஓடைகளும் நிறைந்த நிலத்தைத் தெரிந்து, தோளோடு தோள் நெருங்கி நின்றவர் கையில் அது வலிமை பெற்றது. வீழ்ந்த வீரரின் பொற்குதிமுட்கள் அந்நகரத் தேவாலயத்திற் தொங்கவிடப்பட்டன.

கிங்டம் கம் விளையாட்டின் களமாகிய பொகீமியாவே மற்றொரு சான்றைத் தருகின்றது. கதை நிகழும் 1403இலிருந்து 12 ஆண்டுகளில், அதாவது 1415இல், யான் ஹஸ் எரியூட்டப்பட்டார். 1419இல் ஹஸ்ஸியக் கிளர்ச்சி வெடித்தது. யான் ஸிஸ்காவின் தலைமையிற் திரண்ட உழவர், கதிரடிக்கும் கோலுக்கு இரும்புப் பூணிட்டுப் போராயுதமாக்கினர். தானியம் ஏற்றிய வண்டிகளைப் பலகையால் வலுப்படுத்திச் சங்கிலியாற் பிணைத்து நகரும் கோட்டைகளாக்கினர். கவசமணிந்த குதிரைப்படைகள் அவ்வரணின்மேல் மோதி மீண்டும் மீண்டும் சிதறின. 1420இல் தாபோர் நகரிற் கூடியோர் தமது உடைமையைப் பொதுத் தொட்டிகளில் இட்டனர். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் உழவரிடம் மீண்டும் வரி பெறப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது. ஸ்காலிட்சிலிருந்து வெகு தொலைவிலில்லாத லிபானியில் 1434இல் அவ்வியக்கத்தின் தீவிரப் பிரிவு தோற்கடிக்கப்பட்டது. ஹஸ்ஸின் கருத்துகளைப் பேசும் குருவானவர் ஒருவர் விளையாட்டிலும் வருகின்றார். ஆனால் கதிரடி கோல் ஆயுதமாக மாறிய அந்த உணர்வுநிலையை, ஒருவர் மட்டும் தமக்கெனத் தெரிவு செய்யும் பட்டியலொன்றில் எவ்வாறு இடம்பெறச் செய்ய முடியும்? அதற்கு எத்தனை புள்ளிகள் விலை?

ஆயுதம் பற்றிய வினா எமது நாட்டில் ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. 2009இல் முடிவுற்ற போரின் நினைவை இன்னும் சுமக்கும் சமூகத்தில், ஆயுதத்தைத் தெரிவு செய்தவர் யார், எவர்மீது அது சுமத்தப்பட்டது என்பதை வேறுபடுத்தி அறியும் பழக்கம் அறிவுக் கடமையாகும். இளைஞர் இவ்விளையாட்டுகளை விளையாடலாகாது என்பது எமது கருத்தன்று. விளையாடியவரே அவற்றை நன்கு விமர்சிக்கவும் வல்லவர். திரையில் 16 புள்ளிகள் ஒளிரும்போது, அவை எங்கிருந்து வந்தன, யாருடைய ஏழாண்டு உழைப்பு அவற்றினுள் மறைந்துள்ளது என ஒரு கணம் கேட்கும் வழக்கம் அவர்களிடத்தே தோன்றுமாயின், இலக்கியத் திறனாய்வு தனது பணியை அப்புதிய களத்திலும் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.